பூரணி எடுத்த பொட்டலம்

இலங்கையில் பூண்டுலோயாவுக்கு மேலே மூன்று மைலில் இருந்த குயில்மலைத் தோட்டத்தில், 1951ஆம் ஆண்டு ஆடி இரண்டாம் வெள்ளியன்று, கொழுந்து பறிக்கும் பூரணி மாரியம்மன் கோயிலில் எடுத்த பூப்பொட்டலம் பதினான்கு வருசம் பிரியவில்லை. உள்ளங்கை அகல வாழையிலையை மடித்து நூலால் கட்டிய சின்னப் பொட்டலம்தான். இலை வாடவில்லை, நூலும் இற்றுப்போகவில்லை. பூசாரி மூக்கன் முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்தார், பிறகு பல்லால் கடித்தார். அந்த வாரம் முழுக்கக் கஞ்சிதான் குடித்தார். தேயிலைச் செடியின் கட்டைக் கிளையையே ஒரே வெட்டில் எடுக்கும் கவ்வாத்துக் கத்தியை வைத்து அறுத்தார்கள். கத்தி மழுங்கியது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் கத்தரிக்கோலோடு வந்து பார்த்துவிட்டு, இது தம்முடைய வேலை இல்லை என்று திரும்பிப் போனார்.

இத்தனைக்கும் பூரணி அம்மனிடம் கேட்டது மலைநாடே கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான். சுதந்திரம் வந்த வருசமே ஒரு சட்டம் வந்து, தோட்டத்து ஜனங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று சொல்லிவிட்டது. அடுத்து இன்னொரு சட்டம் வந்து, வேண்டுமானால் இந்த ஆடிக்குள் மனுப் போடுங்கள், பார்க்கலாம் என்றது. பூரணியின் புருசன் சிவசாமிக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. “ஓட்டையே புடுங்கிட்டாங்க, அவங்க வாசல்லயே போய் நிக்கணுமா? தொறையூர்ல எங்கண்ணன் இருக்காரு, கெளம்புவோம்” என்றார். பூரணி தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். துறையூர் எந்தத் திசை என்று கேட்டால் காட்டத் தெரியாது. ஒரு வாரம் அடுப்பு எரிந்ததோ இல்லையோ, சண்டை எரிந்தது. கடைசியில் அம்மனிடம் பூக் கேட்பது என்று முடிவானது. செவ்வரளி ஒரு பொட்டலம், வெள்ளரளி ஒரு பொட்டலம். பூசாரி குலுக்கி அம்மன் காலடியில் போடுவார், கேட்பவர் கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் மனுப் போட்டு இங்கேயே இருப்பது, வெள்ளை வந்தால் இந்தியாவுக்குப் போவது. எது வந்தாலும் மறுபேச்சில்லை என்று இருவரும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள்.

பொட்டலம் கட்டியவள் பூரணி. அடுப்பங்கரையில் குந்தி உட்கார்ந்து, தன் பச்சைச் சேலையின் கரையிலிருந்து உருவிய நூலால் கட்டினாள். இரண்டிலும் செவ்வரளியையே வைத்தாள். பாவி மகள், சாமியிடம் கேட்கப் போனவள் பதிலையும் கையோடு கொண்டுபோனாள். எடுத்த பொட்டலத்தோடு மூக்கன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த குழப்பத்தில், எடுக்காத பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு போய் ஆற்றில் விட்டாள். அதை யாராவது பிரித்துப் பார்த்துவிடக் கூடாதே என்ற பயம் அவளுக்கு.

ஆடி முடிந்தது. அம்மன் வாய் திறக்காமல் எந்தக் காகிதத்திலும் கை வைக்க மாட்டேன் என்று சிவசாமி உட்கார்ந்துவிட்டார். மனுவும் போடவில்லை, கப்பலும் ஏறவில்லை. எந்த நாட்டுக்கும் இல்லாத ஜனமாக அவர்கள் தினமும் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தார்கள், கொழுந்து பறித்தார்கள். பொட்டலம் அவர்களுடைய லயத்து அறையான காம்பராவின் கூரைக்கம்பில் தொங்கியது. லயத்துப் பெண்கள் வெள்ளிக்கிழமைகளில் வந்து அதற்கு மஞ்சள் தடவிக் கும்பிட்டார்கள், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் அதன் கீழே படுக்கவைத்தார்கள். ஒவ்வொருத்தி கும்பிடும்போதும் பூரணி அடுப்பை ஊதப் போய்விடுவாள். ‘நான் பண்ணின திருட்டுத்தனத்தால எங்க குடும்பம் அந்தரத்துல தொங்குது’ என்று மனசுக்குள் சொல்லி அழுவாள், வெளியே மூச்சு விடமாட்டாள். இதற்குள் ஒரே மகள் வீரம்மா வளர்ந்து வலப்பனைக்கு வாழ்க்கைப்பட்டாள். மருமகன் அழகனின் அப்பா அந்தக் காலத்தில் போட்ட மனு எப்படியோ பலித்திருந்ததால், அவனும் அவளும் இந்த நாட்டுக்காரர்கள் ஆனார்கள்.

1964இல் இரண்டு நாட்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து, இத்தனை லட்சம் பேர் உங்களுக்கு, இத்தனை லட்சம் பேர் எங்களுக்கு என்று ஜனங்களைப் பிரித்துக்கொண்டன. மறுவருசம் சிவசாமி கண்டிக்குப் போய் இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுக்கும் பாரத்தை வாங்கிவந்து பொட்டலத்துக்கு நேர் கீழே வைத்தார்.

“பதினாலு வருசம் பொறுத்தாச்சு பூரணி. இந்த வெள்ளிக்குள்ள ஒங்க ஆத்தா சொல்லட்டும். சொல்லலன்னா நானே ஒப்பம் வச்சிருவேன்.”

“எம் மக இங்க இருக்காளேங்க” என்றாள் பூரணி.

“எனக்கும் மகதான்” என்றார் அவர். பிறகு இருவரும் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை பகல் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, வெறுங்கூடையை வீட்டில்கூட வைக்காமல், மடியில் பொட்டலத்தோடு பூரணி கோயிலுக்கு ஏறினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. “ஆத்தா, நான் ஒன்னயக் கேக்கவே இல்ல. என் ஆசையக் கட்டி எடுத்தாந்து ஒன் கால்ல போட்டேன். இப்பத்தான் கேக்குறேன். நீ என்ன சொன்னாலும் சரி, எம் மகளப் பிரியச் சொன்னாலும் சரி” என்றாள். பச்சை நூல் தானாக நழுவியது. இலை விரிந்தது. உள்ளே அன்று காலை பறித்தது போல ஒரு வெள்ளரளி இருந்தது.

பொட்டலம் பிரிந்ததுதான் தோட்டத்துக்கு அதிசயம். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா முதற்கொண்டு எல்லோரும் வந்து பார்த்தார்கள், மூக்கன் பொங்கல் வைத்தார். அதற்குள் வெள்ளைப் பூ வரவே வழியில்லை என்பது பூரணி ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் மறுபேச்சில்லாமல் பாரத்தில் பெருவிரல் வைத்தாள், அன்று முழுக்க மகளை நினைத்து அழுதாள்.

கப்பலேறப் புறப்பட்ட நாளில், தலவாக்கலை ஸ்டேஷனில் வீரம்மா தாயின் கையை விடவில்லை. “ஏம்மா, ஒரு பூவுக்காகவா என்னய விட்டுட்டுப் போற?” என்றாள்.

“ரெண்டுலயும் செவப்புதான்டி வச்சேன்” என்றாள் பூரணி. “அது வெள்ளையாயிருச்சு. இனி நான் என்னத்தச் சொல்லி இருக்க?”

வீரம்மா தாயின் மூட்டையைத் தூக்கி ரயிலில் வைத்தாள்.

அவர்கள் போன எட்டாம் நாள், வலப்பனையில் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் வீரம்மா துணி அலசும்போது ஒரு வாழையிலைப் பொட்டலம் வந்து அவள் காலில் முட்டி நின்றது. பூண்டுலோயாத் தண்ணீர் வலப்பனைப் பக்கம் ஓடுவதில்லை. நடுவே மலை இருக்கிறது. கட்டியிருந்தது பச்சைச் சேலை நூல். தொட்டதுமே பிரிந்தது. உள்ளே செவ்வரளி இருந்தது. அவள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு மிச்சத் துணியை அலசினாள்.