கவிழ்த்து வைத்த பேலட்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல, கேட்டு வாங்கப்பட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் தங்கை ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறாள். ஆர்டர் வர வர, ரேக்குகளுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் தள்ளுவண்டியோடு நடந்து பெட்டிகளை எடுத்துச் சேர்ப்பது அவள் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தவள், தோள்பையைக்கூடக் கீழே வைக்காமல், "அண்ணா, எங்க மேனேஜர் உன்கிட்ட ஒரு கதை கேக்கறாரு" என்றாள்.

பேலட்டைப் பற்றிய கதை. அதை எப்படிப் பத்திரமாகத் தூக்குவது, எப்படி அடுக்குவது என்று.

"சுவத்துல நோட்டீஸ் ஒட்டியிருக்கு, ஒருத்தரும் படிக்கறதில்ல. கதைன்னா கேப்பாங்கன்னு நெனைக்கறாரு. எல்லாரையும் கூட்டி வெச்சு அவரே வாசிக்கப் போறாராம்."

இத்தனை வருடம் எழுதியதில் என்னைத் தேடி வந்த முதல் மேனேஜர் இவர்தான். மறுக்க மனம் வரவில்லை.

(பேலட் என்றால் தெரியாதவர்களுக்கு: சரக்குக்கு அடியில் கிடக்கும் மரச்சட்டத் தட்டு. ஃபோர்க்லிஃப்ட் வண்டி தன் இரண்டு இரும்புக் கைகளை அதற்குள் நுழைத்துத்தான் சரக்கைத் தூக்கும். ஊர்ப்பட்ட சாமானெல்லாம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை.)

2

முதல் தொடக்கம்: "விடியும் வேளையில் கிடங்கின் இரும்புக் கதவு ஒரு மிருகத்தின் வாயைப் போல..." வேண்டாம். கதவு கதவைப் போலத்தான் திறந்தது.

இரண்டாவது: "பேலட்டை நிமிர்த்திச் சுவரில் சாய்க்கக்கூடாது, காலில் விழும், படுக்கப் போட்டுத்தான் அடுக்க வேண்டும், வெளியேறும் வழியில் அடுக்கக்கூடாது, தனியாளாகத் தூக்கக்கூடாது, கையுறை இல்லாமல்..." இது நோட்டீஸ். நோட்டீஸைத்தான் ஒருவரும் படிப்பதில்லையே.

"ஹாரன்காரர்கிட்டேருந்து ஆரம்பி" என்றாள் தங்கை.

3

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அவரைக் கிடங்கில் எல்லோரும் ஹாரன்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். திருப்பத்துக்குத் திருப்பம் ஹாரன் அடிப்பார். ஆளே இல்லாத சந்திலும் அடிப்பார். "யாருக்குண்ணே அடிக்கறீங்க, எலிக்கா?" என்று கேட்டால், "எலிக்கும் குடும்பம் இருக்குல்ல?" என்பார். பல வருடம் மூட்டை சுமந்து இடுப்பு விட்டுப்போனவர். வண்டி ஓட்டும் இருக்கை கிடைத்த பிறகுதான் வலியில்லாமல் தூங்குகிறார் என்று அவர் மனைவி சொல்வாராம். அந்த இருக்கையைத் தன் வீட்டுத் துணியால் தினமும் துடைப்பார்.

அவருக்கு ஒரு பழக்கம். உடைந்த பேலட் கண்ணில் பட்டால் தலைகீழாகக் கவிழ்த்து ஓரமாகப் போட்டுவிடுவார். கவிழ்ந்து கிடந்தால் எடுக்காதே என்று அர்த்தம். அவர் தொடங்கியது கிடங்கு முழுவதும் பரவிவிட்டது. யாரும் எழுதி வைக்கவில்லை; ஆனால் எழுதி ஒட்டியதையெல்லாம்விட ஒழுங்காக நடந்தது.

தங்கை சொன்ன அந்த நாளில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. நல்ல பேலட் தீர்ந்துவிட்டது. சூப்பர்வைசர் "சீக்கிரம், சீக்கிரம்" என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். ஹாரன்காரர் ஓரமாகப் போனார். காலையில் தானே கவிழ்த்ததை, இந்த ஒரு தடவைதானே என்று நிமிர்த்திப் போட்டார். அதன் மேல் பெயின்ட் டப்பாக்களை ஏற்றி, ரேக்கின் மூன்றாம் தட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

(இங்கே எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. எலிக்கு ஹாரன் அடிப்பவர் இப்படிச் செய்வாரா? தங்கையிடம் கேட்டேன். "ஜாக்கிரதையா இருக்கறவங்களும் செய்வாங்கண்ணா. நமக்குத் தெரியாததா, நாம பாத்துக்கலாம்னு ஒரு நெனப்பு" என்றாள். இந்தக் கதையை அவளையே எழுதச் சொல்லியிருக்கலாம்.)

4

கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சந்துக்குத் திரும்பியவர் அண்ணாந்து பார்த்தார். பேலட்டின் நடுச்சட்டம் தொய்ந்திருந்தது. டப்பாக்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. கீழே, தள்ளுவண்டியோடு ஒரு பெண்...

இந்த இடத்தில் நான் அதை விழ வைத்தேன். பாதுகாப்பில் உள்ள தொல்லையே இதுதான்: எல்லோரும் சரியாக இருந்தால் எதுவுமே நடக்காது. எதுவும் நடக்காத கதையை யார் உட்கார்ந்து கேட்பார்கள்? "சட்டம் முறிந்தது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்ப்பதற்குள்..." என்று எழுதி, பெருமையாகத் தங்கையிடம் நீட்டினேன்.

படித்துவிட்டு அந்த வரியின் மேல் விரலை வைத்தாள்.

"யாரு இந்தப் பொண்ணு?"

"சும்மா, ஒரு கதாபாத்திரம்."

"அந்தச் சந்துல அன்னிக்குப் பெட்டி எடுத்தது நான்தான்."

ஏன் இதுவரை சொல்லவில்லை என்று கத்தினேன். "சொன்னா அம்மா வேலைய விடச் சொல்லுவாங்க" என்றாள்.

அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன். அதை அடித்தது எழுத்தாளன் இல்லை, அண்ணன்.

5

நடந்தது இதுதான். ஹாரன்காரர் வண்டியை நிறுத்தி இறங்கினார். சந்தின் வாயில் இரண்டு கையையும் விரித்து நின்று, "யாரும் உள்ள வராதீங்க!" என்று கத்தினார். பிறகு என் தங்கையைப் பார்த்து, "அம்மா, தள்ளுவண்டிய அப்படியே விட்டுட்டு அந்தப் பக்கமா வெளிய போ. ஓடாத, ரேக்கத் தொடாத" என்றார். அவள் முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நடந்துவிட்டாள்.

சந்தின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி அடைத்தார்கள். ஆளை நிற்க வைத்து மேலே தூக்கும் கூண்டு வண்டியைக் கொண்டுவந்து, மேலிருந்து ஒவ்வொரு டப்பாவாக இறக்கினார்கள். லாரிகள் காத்துக் கிடந்தன. ஒருவருக்கும் நகக்கீறல்கூட இல்லை.

மேனேஜர் வந்து, யார் வைத்தது என்று கேட்டார். அவர் வைத்ததை யாரும் பார்த்திருக்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் அப்படியே அமுங்கிப் போயிருக்கும்.

"நான்தான் சார். கவுத்ததும் நான்தான், நிமித்தினதும் நான்தான்."

மறுநாள் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இப்போது கீழே நின்று மூட்டை தூக்குகிறார். "ஒரு தடவ குனிஞ்சா நிமிர முடியலண்ணா. பாக்கவே முடியல" என்றாள் தங்கை.

(அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை என்று சொன்னால் பொய். என் தங்கையின் தலைக்கு மேலே உடைந்ததை வைத்தவர் அவர். அவளை வெளியே அனுப்பியவரும் அவர். இரண்டையும் ஒரே மனிதர் செய்திருக்கிறார், நான் என்ன செய்ய?)

6

முடிவு ஒன்று: நடந்தது நடந்தபடி. உண்மையைச் சொன்னார், இருக்கை போனது. கேட்டுக்கொண்டிருக்கும் டிரைவர்கள் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வார்கள்? அடுத்த தடவை வாயைத் திறக்கக்கூடாது என்று.

முடிவு இரண்டு: "மேனேஜர் அவர் தோளில் கை வைத்து, சாவியைத் திருப்பி..." தங்கை பாதியிலேயே நிறுத்தினாள். "இது நடக்கவேயில்லையே. இத நம்பி எவனாவது உண்மையச் சொல்லி மாட்டிக்கிட்டான்னா, அந்தப் பாவம் உனக்குத்தான்."

முடிவு மூன்று: அவர் இறங்கவில்லை. பார்க்காதது போல வண்டியைத் திருப்பிக்கொண்டு... இதை நான் எழுத மாட்டேன். யார் கேட்டாலும் சரி.

7

ஆக, இந்தக் கதையை முடிக்க என்னால் ஆகாது. முடிக்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான், அதைக் கேட்டு வாங்கிய மேனேஜர்.

ஐயா, இதைத் தங்கை நாளை உங்கள் மேசையில் வைப்பாள். கூட்டத்தில் வாசிப்பதற்கு முன்னால் தனியாக ஒரு முறை படித்துப் பார்ப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் செய்தது தவறு என்று சொல்ல வரவில்லை. உடைந்ததை ஏற்றியவரிடம் வண்டியை எப்படிக் கொடுப்பது என்ற கேள்வி எனக்கும் இருக்கிறது. ஆனால் வாசித்து முடித்ததும் யாரும் உங்களைப் பார்க்கமாட்டார்கள். கடைசி வரிசையில் நிற்கும் அவரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அடுத்த முறை தன் தவறு மேலே தொய்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கும் டிரைவர், இறங்கிக் கையை விரிப்பாரா, வண்டியைத் திருப்பிக்கொண்டு போவாரா என்பது அந்த நிமிடத்தில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அவசரப்படுத்தவில்லை, யோசித்தே சொல்லுங்கள். என் தங்கை இன்றும் அதே சந்தில்தான் பெட்டி எடுக்கிறாள்.