நடக்கும் வீட்டுக்கு முகவரி

வால்டர் பெக் இறந்த ஏப்ரல் மாதத்தில் அவருடைய வீடு நடக்கத் தொடங்கியது. கரீபியக் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான மரி-கலாந்த் தீவில் பகல் சாப்பாட்டுக்குப் பின் ஊரே கண்ணயரும் நேரத்தில் அந்தச் சின்ன மர வீடு எழுந்து, கரும்புக் காட்டைத் தாண்டி, மனம்போன இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். முதல் வாரம் எல்லோரும் வந்து வேடிக்கை பார்த்தார்கள். பிறகு, ஆடு கட்டும் இடத்தில் அது உட்கார்ந்தால் மட்டும் திட்டினார்கள். வீட்டுக்குள் ஒரு கோப்பைகூட உடையவில்லை. மின்கம்பிதான் ஒவ்வொரு தடவையும் அறுந்தது. கடைசியில் மின்சாரக்காரர்கள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு இணைப்பையே கழற்றிக்கொண்டு போனார்கள்.

வினை அங்கேதான் வந்தது. கனடாவிலிருந்து வந்து குடியேறிய வால்டரின் மனைவி லோர்னா, வசிப்பு அட்டையை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஓய்வூதியச் சான்று இருந்தது, மருத்துவக் காப்பீடு இருந்தது, இங்கே வேலை பார்க்க மாட்டேன் என்ற உறுதிமொழியும் இருந்தது. அண்மையில் வந்த மின்கட்டண ரசீது மட்டும் இல்லை. ரசீது இல்லையென்றால் முகவரி இல்லை. முகவரி இல்லையென்றால் அக்டோபரோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். இறந்தவர்களை நினைக்கும் நவம்பர் முதல் நாள் தீவின் கல்லறைகளிலெல்லாம் மெழுகுவர்த்தி எரியும்போது வால்டருடையது மட்டும் இருட்டில் கிடக்குமே என்பதுதான் பாவம், அவளுடைய கவலை.

வசிப்பு அட்டை அலுவலகத்தில் அவள் மனுவைப் பார்த்த தெல்ஷி நல்ல மனிதர்.

"மதாம், வீடு நடக்கக்கூடாதுன்னு சட்டத்துல எங்கயும் இல்ல. நடக்கட்டும். நானே வந்து பாக்கறேன். மறுநாளும் வருவேன். அதே இடத்துல இருந்தா ரசீது வேண்டாம், போதுமா?"

லோர்னா பக்கத்து வீட்டு ஜெர்மேனிடம் போய்ப் புலம்பினாள். ஜெர்மேன் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"உன் வீடு உன்னைவிட நல்லா ஊர் சுத்துதுடி. ஆமா, இந்த வீட்டை விலைக்கு வாங்கி மாட்டுவண்டியில ஏத்திக் கொண்டாந்தீங்களே, கல்லு முன்னால வந்துச்சா?"

"எந்தக் கல்லு?"

"நாலு மூலைக்கும் அடியில இருக்குமே, அந்தக் கல்லு!"

"சிமென்ட் கட்டை வாங்கினோம். வால்டர்தான் அளந்து வச்சார்."

ஜெர்மேன் தலையில் அடித்துக்கொண்டாள். அந்தத் தீவில் நிலத்தை விட்டுவிட்டு வீட்டை மட்டும் விற்பதுண்டு. அப்போது மூலைக்கற்கள் முதலில் போகும். ரம் ஊற்றிப் பதித்த பிறகுதான் வீடு போகும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதிதானே என்று லோர்னாவிடமும் வால்டரிடமும் யாரும் சொல்லவில்லை. தெரியாது என்பதே தெரியாததால் இவர்களும் கேட்கவில்லை.

"இவ்வளவு நாளும் உன் புருஷன் கனத்துல உக்காந்திருந்திருக்கு," என்றாள் ஜெர்மேன்.

வீடு முன்பு நின்ற பழைய இடத்தில் இப்போது பெட்ரோல் பங்க். கற்கள் போன இடம் தெரியவில்லை. ஜெர்மேன் யாரையும் கேட்கவில்லை. தன் வீட்டு மூலையை ஜாக்கி வைத்துத் தூக்கி ஒரு கல்லை உருவினாள். மீனவன் சில்வேர் ஒன்று கொடுத்தான், ரொட்டிக்கடை ஒதெத் ஒன்று கொடுத்தாள்.

"நாலாவது கல்லு வீட்டுக்காரியோடதா இருக்கணும். இந்தத் தீவுல உனக்குன்னு என்ன இருக்கு?" என்றாள் ஜெர்மேன்.

லோர்னா கடலோர மயானத்துக்கு நடந்தாள். வால்டரின் கல்லறை வெறும் மணல்மேடு. சுற்றிலும் சங்கு, தலைமாட்டில் ஒரு கல். அதைப் பெயர்த்தெடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இத்தனை நாள் நீங்கதானே பிடிச்சுக்கிட்டு இருந்தீங்க. இன்னும் கொஞ்ச காலம் பிடிங்க," என்றாள். அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

நான்கு கற்களையும் ரம் ஊற்றி வீட்டு மூலைகளுக்கடியில் பதித்தார்கள். வீடு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. தெல்ஷி வந்து, வாசலில் நாற்காலி போட்டு, ஊரோடு தானும் தூங்கி எழுந்து பார்த்தார். மறுநாளும் வந்து தூங்கினார். முகவரியை எழுதிக் கையெழுத்திட்டார்.

நவம்பர் முதல் நாள், கல் இருந்த குழிக்குள் லோர்னா மெழுகுவர்த்தி ஏற்றினாள். காற்றுக்கு மற்றவர்களுடையது அணைந்தது, அது அணையவில்லை.

ஆண்டுகள் பல ஆகிவிட்டன. கல் கொடுத்த மூவரின் வீடுகளும் லோர்னா வீட்டுப் பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்கின்றன. ஜெர்மேன் வீட்டில் ஈரப்பலாக்காயைக் கீழே வைத்தால் கல்லை உருவிய மூலைக்கு உருண்டுவிடும். அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. அட்டை தவறாமல் புதுப்பிக்கப்படுகிறது. பகல் தூக்கத்தின்போது எப்போதாவது வீடு ஒரு பக்கம் லேசாக எழும்பும்.

"வால்டர்," என்பாள் லோர்னா, கண்ணைத் திறக்காமலே.

உட்கார்ந்துகொள்ளும்.