இன்கிலாப் கேட்ட உஸ்தாத்

"அத்தை, போன்ல எதுவும் சொல்ல முடியாது. உடனே வாங்க," என்று மட்டும் சொல்லி லமீஸ் வைத்துவிட்டாள்.

பஹீஜா மேலங்கியை மாட்டிக்கொண்டு, டமாஸ்கஸின் முஹாஜிரீன் மலைச்சரிவில் ஏறும் செங்குத்துச் சந்தில் மூச்சு வாங்க நடந்தாள். போன இலையுதிர் காலத்தில் பக்கவாதம் வந்ததிலிருந்து லமீஸின் மாமாவும் பஹீஜாவின் பழைய சகாவுமான உஸ்தாத் வஜீஹுக்கு, ஊர் மதிக்கும் அந்த ஆசானுக்கு, வலது கையும் பேச்சும் போயிருந்தன. சில வாரங்களாகத்தான் ஒன்றிரண்டு வார்த்தைகள் திரும்பியிருந்தன. அவையும் சம்பந்தமில்லாத வார்த்தைகள்.

லமீஸ் கதவைத் திறந்து, காதோடு காதாகச் சொன்னாள்: "காலையிலேர்ந்து மாமா 'இன்கிலாப், இன்கிலாப்'னு கத்துறார். மேல் வீட்ல ராணுவ ஆபீசர் குடியிருக்கார், தெரியும்ல? ஜன்னலையெல்லாம் சாத்திட்டேன்."

டமாஸ்கஸில் ஆட்சிக் கவிழ்ப்பை அப்படித்தான் சொல்வார்கள். அந்த வார்த்தையை ரேடியோ சொல்லலாம், வீடு சொல்லக்கூடாது.

வஜீஹ் கட்டிலில் சாய்ந்திருந்தார். பஹீஜாவைப் பார்த்ததும், "இன்கிலாப்," என்று எரிச்சலாகச் சொல்லி, இடது கையால் சமையலறைப் பக்கம் காட்டினார்.

பஹீஜா நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினோரு வருஷம் இருவரும் இன்னும் சிலரோடு ஒரே அறையில் அரபு அகராதி எழுதியவர்கள். மண்ணெண்ணெய் அடுப்பின் வாடை, ஏலக்காய்க் காப்பி, சுவர் முழுக்க மரப்பெட்டிகள். ஒவ்வொரு வேர்ச்சொல்லுக்கும் ஒரு பெட்டி, அதிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை. காஃப், லாம், பா என்ற மூன்று எழுத்தின் பெட்டியை ஒரு வசந்தகாலம் முழுக்க அடுக்கினார்கள். புரட்டுவது என்பதுதான் வேர். நிலையாய் நில்லாமல் புரண்டுகொண்டே இருப்பதால் இதயம் 'கல்பு'. வார்த்துக் கவிழ்க்கும் அச்சு 'காலிப்'. ஆள்பவரைக் கவிழ்த்தால் 'இன்கிலாப்'. கடைசியாக வஜீஹ் தன் கையால் எழுதி வைத்த ஓர் அட்டை உண்டு. சாப்பாட்டுப் பெயரெல்லாம் அகராதியில் வராது என்று முதன்மைப் பதிப்பாசிரியர் அதை எடுத்துப் போட்டுவிட, வஜீஹ் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் பஹீஜா சத்தமில்லாமல் அதைப் பெட்டிக்குள் திரும்பச் செருகினாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"லமீஸ், உன் மாமாவுக்கு மக்லூபா வேணுமாம். கத்தரிக்காய் இருக்கா?" அந்த அட்டையில் இருந்த பெயர் அதுதான்: சட்டியோடு கவிழ்த்துப் பரிமாறும் சோறு.

"மக்லூபாவா? ஒரு சட்டிச் சோத்தைக் கவுக்கறதுக்கு அரசாங்கத்தையா கவுக்கணும்?"

வஜீஹ் கண்ணை மூடித் தலையாட்டினார். அப்பாடா என்றிருந்தது அவர் முகம்.

இருவருமாகச் சமைத்தார்கள். சட்டியைத் தாம்பாளத்தில் கவிழ்த்தபோது ஒரு பக்கம் சரிந்துவிட்டது. வஜீஹ் அதையும் வழித்துச் சாப்பிட்டார். பிறகு நெஞ்சில் கை வைத்து, "காலிப்... காலிப்," என்றார்.

பஹீஜா பதறி எழுந்தாள். "கல்புன்னு சொல்ல வர்றார். இதயம்! ஓடு, கீழ் வீட்டு டாக்டரைக் கூட்டிட்டு வா."

டாக்டர் செருப்புக்கூடப் போடாமல் வந்து நெஞ்சைச் சோதித்தார். ஒரு குறையும் இல்லை. வஜீஹ் மூவரையும் முறைத்தார். கடைசியில் தலையணையைப் பிடித்து இழுத்து, ஜன்னல் பக்கம் காட்டினார். தன்னைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லியிருக்கிறார்.

"பதினோரு வருஷம் கூட வேலை பார்த்து இவ்வளவுதானா, அத்தை?" என்றாள் லமீஸ்.

"பாதி மார்க் போடு, போதும்."

அன்றிலிருந்து செவ்வாயும் சனியும் பஹீஜா அந்தச் சந்தில் ஏறினாள். பழைய அறையின் நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். அந்த நாட்களைப் பற்றிப் பேச அவளுக்கு மிஞ்சியவர் பேச முடியாத இவர் ஒருவர்தான். அவள் சொல்லச் சொல்ல அவர் கேட்பார். சில இடங்களில் தோள் குலுங்கச் சிரிப்பார். கோடைக்குள் நாற்பது வார்த்தைகள் சரியாக வந்தன.

பெயர்கள் மட்டும் வரவில்லை. ஒரு சனிக்கிழமை அவள் உள்ளே வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, வெகுநேரம் முயன்று, "பஹ்ஜா," என்றார். மகிழ்ச்சி என்று அதற்குப் பொருள்.

"பஹ்ஜா இல்ல மாமா. பஹீஜா," என்றாள் லமீஸ்.

"விடும்மா," என்றாள் பஹீஜா, மேலங்கியைக் கழற்றியபடி. "அப்படியே கூப்பிடட்டும்."