நிமிடத்துக்கு முப்பத்தாறு

கத்தி முனையால் சுரண்டச் சுரண்ட, மோட்டார் உருளையிலிருந்து பழைய டேப் பிசுபிசுவென்று வந்துகொண்டே இருந்தது. பிரித்துப் போட்ட ரெக்கார்டு பிளேயர் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரவிக் கிடந்தது. பக்கத்து அறையில் அப்பா காத்திருந்தார். காலையில் வந்த டாக்டர், இன்றையப் பொழுதைத் தாண்டுவதே பெரிய விஷயம் என்று வாசலில் வைத்து மகளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"மனுஷன் கிடக்கிற கிடையில இந்தப் பெட்டி ரிப்பேர் ஒண்ணுதான் குறைச்சல்," என்றாள் அப்பாவின் தங்கை.

"அவர்தான் பாட்டுக் கேக்கணும்னாரு அத்தை. பெல்ட்டு அந்து போச்சு, என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

துணி ஆலையில் தையல் மெஷின் மெக்கானிக் அவள். பெல்ட் மாட்டுவதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அவள் முதன்முதலில் ரிப்பேர் செய்த சாமானே இதுதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா இதைப் பழைய சாமான் கடையிலிருந்து தூக்கி வந்தபோது பெல்ட் வழுக்கிற்று. உருளையில் நாலு சுற்று டேப் சுற்றி ஓடவைத்துவிட்டாள். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்த அப்பா, அதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

பிளேயரோடு மூன்று இசைத்தட்டுகள் வந்தன. மூன்றிலும் கான்செர்ட்டோ என்கிற ஒரே மேற்கத்திய பியானோ இசை, வாசித்தவர்கள்தான் வேறு. அவர்கள் பெயர் வாயில் நுழையாததால் அப்பாவே பெயர் வைத்தார். ஒருத்தி அவசரக்காரி. பெரிய பியானோவில் வாசித்தவர் பெரியவர். மூன்றாமவர் அந்தக் காலத்துச் சின்னப் பியானோவில் வாசித்திருந்தார். அவருக்குத் தகரடப்பா என்று பெயர்.

"ஒரே பாட்டை எதுக்குப்பா மூணு பேர்கிட்ட கேக்கறீங்க?" என்பாள் அவள்.

"ஒரே ரூட்டுதான். டிரைவர் மாறினா பஸ்ஸே மாறிடும்மா," என்பார். அவள் தலையாட்டி வைப்பாள். மூன்றும் அவளுக்கு ஒன்றாகத்தான் கேட்டன.

புது பெல்ட் போட்ட பிளேயரை அப்பாவின் கட்டிலருகே ஸ்டூலில் வைத்து, அவசரக்காரியின் தட்டில் நடுப்பகுதியைப் போட்டாள். ஊசி இறங்கியது. பாட்டு மெதுவாகப் போயிற்று. சுருதியும் இறங்கியிருந்தது. போச்சு, கடைசி நாளில் கெடுத்துவிட்டோம் என்று நினைத்தாள்.

தட்டின் ஓரத்தில் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்றும் கொஞ்சமும். தட்டின் உறையில் போட்டிருந்ததும் அதேதான்.

அப்படியானால் முன்பு ஓடியதுதான் தப்பு. உருளை பருத்தால் தட்டு வேகமாகச் சுற்றும் என்பது ஆலையில் அவளே சொல்லிக்கொடுக்கிற பாடம். அந்த நாலு சுற்று டேப்புக்கு நிமிடத்துக்கு முப்பத்தாறு சுற்றாவது ஓடியிருக்கும். ஒரு நிமிடம் முந்திக் கிளம்பிய பஸ்ஸைக்கூடக் கை காட்டி நிறுத்திய மனிதரை, இத்தனை வருஷம் ஓட்டப்பந்தயம் கேட்க வைத்திருக்கிறாள்.

"யாரும்மா இது?" அப்பா கண்ணைத் திறக்கவில்லை. "புதுசா வாங்கினியா? எவ்வளவு நிதானம். ஒவ்வொரு சுரமும் உக்காந்து எந்திரிக்குது."

ஆமாம் என்று சொல்லிவிட வாய் வரை வந்தது. அதற்குள் பாட்டின் நடுவே யாரோ இருமினார்கள். அவசரக்காரியின் தட்டு கச்சேரியிலேயே பதிவானது; அந்த இருமல் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம், இருமியவளுக்கு இருமல் அம்மா என்று பெயர்கூட உண்டு.

அப்பாவின் கண் திறந்தது. "நம்ம இருமல் அம்மாவா? ஆம்பளையால்ல இருமறாரு!"

"அவசரக்காரியோட தட்டுதாம்பா. நான் சுத்தின டேப்பால இத்தனை நாளும் வேகமா ஓடியிருக்கு. என் தப்புதான்."

அவர் மார்பு குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"பாவம், அந்தப் பொண்ணை எத்தனை திட்டு திட்டியிருப்பேன்," என்றார். மூச்சு வாங்கியது. பிறகு பார்வை மற்ற உறைகளின் பக்கம் போயிற்று. "அப்ப... மத்த ரெண்டு பேரும்?"

"தெரியலையேப்பா."

"போடு. பாத்துருவோம்."

பெரியவரைப் போட்டாள். அப்பாவின் கையைப் பிடித்தபடி, வாழ்க்கையில் முதல்முறையாக அவளும் காது கொடுத்துக் கேட்டாள். கீழ்ச் சுரங்கள் தரையைத் தொட்டு வந்தன.

"இடது கையைக் கேளு," என்றார் அப்பா. "இத்தனை நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தாரு?"

அவர் விரல் போர்வையில் தாளம் தட்டியது. அது நின்ற பிறகும் பாட்டு போய்க்கொண்டிருந்தது. அவள் அப்பாவின் மணிக்கட்டில் நாடி தேடினாள். இடம் மாற்றி மாற்றித் தேடினாள். இல்லை. சத்தமில்லாமல் அழுதாள்.

அத்தை வந்து பார்த்தாள். அண்ணனின் இமைகளை மூடிவிட்டு, பிளேயரை நிறுத்தக் கை நீட்டினாள்.

"வேண்டாம் அத்தை. இன்னும் ஒருத்தர் பாக்கி இருக்காரு."

அத்தை கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். பெரியவர் முடிக்கும்வரை இருவரும் அசையவில்லை. பிறகு மகள் மூன்றாவது தட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்து வைத்தாள். ஊசி கரகரத்தது. பியானோ வந்தது. சிறிய சத்தம்; கதவில் விரலால் தட்டுவது போல, பட்டென்று எழுந்து சட்டென்று அடங்கியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கேட்டாள். அப்புறம் குனிந்து, அப்பாவின் காதருகே சொன்னாள்.

"இவரு தகரம் இல்லப்பா. மரம்."