பெயரைப் பள்ளிக்குக் கொடுத்தவர்

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் துறைமுகப் பக்கத்து மேல்நிலைப் பள்ளிக்கு ஹோல்கர் ரவ்ன்ஸ்போவின் பெயரை வைத்த நாளிலிருந்து, யார் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்பதில்லை. கூப்பிட்ட கணத்தில் அந்தப் பள்ளியில் ஒரு ஜன்னல் தானாகத் திறந்துகொள்ளும். மற்றபடி காதில் குறையில்லை. அடுத்த வீட்டு நாய் கொட்டாவி விடுவதுகூடக் கேட்கும். தொழிற்சாலைத் தொழிலாளரின் பிள்ளைகளும் மேல்வகுப்புப் படிக்க வேண்டும் என்று நகரசபையோடு காலமெல்லாம் மல்லுக்கட்டிய கணக்கு வாத்தியார் அவர். உயிரோடு இருக்கும்போதே கௌரவித்துவிட வேண்டும் என்று நகரசபை அவசரப்பட்டது. நல்ல எண்ணம்தான்.

டென்மார்க்கில் அமைச்சரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வினையே அங்கேதான். ரயில் நிலையத்தில் பழைய மாணவர்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள், அவர் திரும்பவில்லை. பள்ளிக்குப் பெயர் வைத்ததும் மனிதருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். அவரோ, ஓய்வு பெற்றவனை இனி யார் கூப்பிடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். மனைவி இங்கர் மட்டும் நாள் முழுக்கக் கூப்பிட்டு, அலுத்துப்போய்த் தோளைத் தொடுவார். இங்கர் இருந்தவரை பள்ளிப் பிள்ளைகள் வகுப்பில் குளிர்கோட்டோடு இருந்தார்கள். அவர் இறந்த வருடம் ஜன்னல்கள் மூடிக்கொண்டன, பள்ளியின் வெப்பமூட்டும் செலவு பாதியாகக் குறைந்தது. நகரசபைக்கு மகிழ்ச்சி. கூப்பிட ஆளில்லாத வீடு எவ்வளவு பெரியது என்று ஹோல்கர் தனியே இருந்து பார்த்தார். பாவம், வருடக்கணக்காகப் பார்த்தார்.

பிறகு நகரசபை வீட்டு உதவிக்குக் கஜந்தியை அனுப்பியது. யாழ்ப்பாணத்துப் பெண், மகள் அபிதா அதே பள்ளியில் படித்தாள். முதியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லித் தந்தது. எண்பது தாண்டியவரை மொட்டையாக 'ஹோல்கர்' என்று சொல்லக் கஜந்திக்கு நா கூசும், ஆனாலும் சொன்னாள். அவர் திரும்பமாட்டார். மாலையில் அபிதா, வகுப்பில் மறுபடி ஜன்னல் திறந்து குளிர் என்று டேனிஷில் முறையிடுவாள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கு நேரம்?

ஒரு தை மாதக் காலை, கஜந்தி சைக்கிளை நிறுத்தும்போது ஹோல்கர் வீட்டுச் செருப்போடு தெருவில் இறங்கிக்கொண்டிருந்தார். வளைவில் மின்சார பஸ் ஓசையில்லாமல் வந்தது. உறைபனியில் பஸ்ஸால் நிற்க முடியவில்லை. "ஹோல்கர்! ஹோல்கர்!" என்று கத்தினாள். பள்ளியில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. அடுத்து அவள் வாயில் வந்தது பயிற்சியில் படித்ததல்ல.

"அப்பு, நில்லுங்கோ!"

அவர் நின்றார். பஸ் அவருடைய கோட்டின் ஓரத்தை உரசிக்கொண்டு போனது. யாரைக் கூப்பிட்டாய் என்று கேட்டார். உங்களைத்தான் என்றாள் கஜந்தி. வயதானவர்களை எங்கள் ஆட்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, தாத்தா என்பதுபோல அப்பு என்றுதான் கூப்பிடுவோம் என்றாள். அவர் நடுத்தெருவில் நின்று சின்னப்பிள்ளைபோல அழுதார்.

அன்று மாலை அபிதா இரண்டு ஜன்னல்களின் கதையைச் சொன்னபோதுதான் கஜந்திக்கு விளங்கியது. நகரசபைக்கும் சொன்னாள். அவர்கள் ஆச்சரியப்படவில்லை, பள்ளியின் பெயரை மாற்றித் தரவா என்று கேட்டார்கள். எத்தனையோ பிள்ளைகள் அந்தப் பெயரில் படித்துப் போய்விட்டார்கள், அங்கேயே இருக்கட்டும் என்றார் ஹோல்கர். இப்போது தபால்காரரும் மருத்துவரும் அவரை அப்பு என்றே கூப்பிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. அன்று கஜந்தி சமையலுக்கு நடுவில் தொலைபேசியை எடுத்து அவரை அழைப்பாள்.

"அப்பு?"

"ஓம்" என்பார், யாழ்ப்பாணத்து 'ஆமாம்'. அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். பிறகு இருவரும் வைத்துவிடுவார்கள்.