பதினொன்று புள்ளி நாலு

அவனியாபுரத்துப் பட்டறைத் தொழிலாளர்கள் சேர்ந்து நடத்திய சிக்கன நாணயச் சங்கத்தில் சாயிரா பானு ஆறு வருடமாகக் கணக்காளர். புது மென்பொருள் வந்த பிறகு அவளுக்கு வேலை லேசாகிவிட்டது. அதில் ஆயத்த சூத்திரங்கள் உண்டு. மூன்றெழுத்துத் தட்டினால் போதும், வராக்கடன் எவ்வளவு, சொந்த நிதி எத்தனை சதவீதம் என்று எல்லாம் திரையில் வந்து நிற்கும். முன்பு இரண்டு நாள் உட்கார்ந்து போட்ட கணக்கு அது.

ஒரு திங்கட்கிழமை ஒச்சம்மாள் வந்தாள். லேத் பட்டறையில் கை நசுங்கி, சீழ் வைத்துச் செத்துப்போன சங்கிலியின் மனைவி. நஷ்டஈடாக வந்த நாலு லட்சத்தைச் சங்கத்தில்தான் போட்டிருந்தாள்.

"தாயி, பணத்தை எடுத்துக்கிறேன். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு எடம் சொல்லியிருக்காக. சங்கம் ஆட்டங்கண்டு கெடக்குன்னு பட்டறையில வேற பேசிக்கிறாக."

"டெபாசிட் முடிய இன்னும் மூணு மாசம்தானேக்கா இருக்கு. இப்ப எடுத்தா வட்டி போயிரும்." சாயிரா அந்த மூன்றெழுத்தைத் தட்டித் திரையைத் திருப்பிக் காட்டினாள். "பாருங்க, சங்கத்தோட சொந்த நிதி பதினொன்னு புள்ளி நாலு சதவீதம். ஏழு இருந்தாலே நல்ல சங்கம். எங்கம்மா பணமே இங்கதான் கெடக்கு."

ஒச்சம்மாளுக்கு அந்த எண் புரியவில்லை. சாயிராவின் முகத்தைப் பார்த்தாள். "நீ சொன்னாச் சரி" என்று டெபாசிட் பத்திரத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

ஏழு வாரம் கழித்துத் தணிக்கைக்கு வந்த பீமாராவ், அந்த எண் எப்படி வந்தது என்று கேட்டார். "சாஃப்ட்வேர்லயே இருக்கு சார்" என்றாள். "அதுக்குள்ள என்ன இருக்குன்னு திறந்து பாருங்க" என்றார் அவர்.

அதுவரை அவள் திறந்து பார்த்ததில்லை. முப்பத்தொன்று என்ற எண்ணில் தொடங்கும் கணக்குத் தலைப்புகளை எல்லாம் கூட்டி, சொந்த நிதி என்று காட்டியது சூத்திரம். திரும்பி வராத கடனுக்காக ஒதுக்கி வைத்த, சொந்த நிதியில் சேரக் கூடாத ஐம்பத்தெட்டு லட்சமும் அந்தத் தலைப்புகளில்தான் இருந்தது. மென்பொருளை நிறுவ வந்தவர் அங்கே சேர்த்திருந்தார். அந்தத் தலைப்புப் பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது சாயிரா. அந்தத் தொகையை நீக்கிவிட்டுப் பார்த்தாள். ஒன்று புள்ளி ஒன்பது.

அன்று வெள்ளிக்கிழமை. திருத்திய அறிக்கையைத் திங்கட்கிழமை காலை கூட்டுறவுத் துறைக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பினால் பணப் பட்டுவாடா நின்றுவிடும். செயலாளர் ஜெயபாண்டி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். "யார்கிட்டயும் மூச்சு விட்டுறாதம்மா. ஒருத்தருக்குத் தெரிஞ்சா அம்புட்டுப் பேரும் வந்து நிப்பாக. மொத வர்றவன் வாங்கிட்டுப் போவான், மிச்சப் பேரு தெருவுல நிப்பாக."

அவர் சொன்னதில் பிழை இல்லை. சனிக்கிழமை மதியம்வரை சங்கம் திறந்திருந்தது. ஒச்சம்மாளின் போன் எண்ணை இரண்டு முறை எடுத்தாள். இரண்டு முறையும் வைத்துவிட்டாள். அம்மாவிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை அறிக்கை போனது. புதன்கிழமை, பட்டுவாடா நிறுத்தம் என்று கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அந்த வாரமே சாயிரா தன் கையிருப்பு எண்பதாயிரத்தை எடுத்துக்கொண்டு ஒச்சம்மாள் வீட்டுக்குப் போனாள். ஒச்சம்மாள் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்தவில்லை. சாயிரா நடந்ததை எல்லாம் அந்தச் சத்தத்துக்கு மேலே சொல்ல வேண்டியிருந்தது.

"பணத்தை எடுக்க வந்தன்னைக்கு ஒனக்குத் தெரியாது. சரி" என்றாள் ஒச்சம்மாள். "சனிக்கெழமை தெரியுமுல்ல?"

"தெரியும்க்கா."

"ஒரு போன் போட்டிருக்கலாமுல்ல."

மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்று சொல்ல வந்தாள் சாயிரா. அதை விட்டுவிட்டு, பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினாள்.

ஒச்சம்மாள் மாவுக்கையால் அதைத் தொடவில்லை. "கொண்டு போயிரு. இதை வாங்கிட்டா ஒம்மேல கோவப்படக்கூட எனக்கு உரிமையிருக்காது."

ஒன்றரை வருடம் கழித்து, சங்கத்தைக் கலைத்துக் கணக்கு முடிக்க வந்த அதிகாரி ரூபாய்க்கு நாற்பது பைசா என்று பங்கிட்டார். அதற்குள் ஒத்தக்கடை இடத்தை வேறொருவர் வாங்கி வீடும் கட்டிவிட்டார். நர்சிங் படித்துக்கொண்டிருந்த ஒச்சம்மாளின் மகள் முத்துமீனா, இரண்டாம் வருடக் கட்டணம் கட்ட முடியாமல் படிப்பை நிறுத்திவிட்டு, டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள். சாயிராவின் அம்மாவுக்கும் அதே நாற்பது பைசாதான்.

காசோலை கொடுத்த அன்று சாயிராவும் மேசையில் இருந்தாள். ஒச்சம்மாள் வரிசையில் வந்து, சாயிரா காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். தொகையைச் சரியாக வாசித்துச் சொல்லும்படி பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டாள். அவர் வாசித்தார். இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, படியிறங்கிப் போனாள்.