சவுத் ஸ்டார் கிளப்பில் ஒரு சொல்

அன்றைய கூட்டத்துக்கு வந்தவர்களும் அவர்கள் உட்கார்ந்த இடங்களும்: ஜன்னலோரமாக, மின்விசிறிக்கு நேர் கீழே, கைப்பிடி வைத்த நாற்காலியில் தலைவர் வேங்கடசுப்ரமணியன். அவருக்கு வலப்புறம் பொருளாளர் பத்மஜா. இடப்புறம் செயலாளராகிய நான், சுயம்பு. மேஜைக்கு எதிர்ப்பக்கம், நாற்காலியை ஓரடி பின்னுக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டு பயிற்சியாளர் இசக்கிதுரை. ஓட்டு இந்த நால்வருக்கு மட்டும். சுவரை ஒட்டிய பெஞ்சில் ஒரு கோடியில் கோல்கீப்பர் ஏஞ்சலோ, மறுகோடியில் தலைவரின் தம்பி மகன் ஷ்ரவண். நடுவில் இடம் இருந்தும் மற்ற ஆட்டக்காரர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். ஏஞ்சலோவின் அப்பா தனசீலன் கதவருகே நின்றார். காலி நாற்காலியைக் காட்டினேன். இந்த அறையில் தான் உட்காருவதில்லை என்றார்.

கூட்டத்தின் பொருள் ஒன்றுதான். லீக் அலுவலகத்துக்கு எப்படிப்பட்ட கடிதம் எழுதுவது?

முந்தின ஞாயிற்றுக்கிழமை சான்பாடா அணியோடு ஆடினோம். டிரா செய்திருந்தால்கூட டிவிஷனில் தங்கியிருப்போம். ஆளுக்கு ஒரு கோல் என்று இருந்தது. ஆட்டம் முடியப்போகும் நேரம். எங்கள் பெனால்டி பாக்ஸுக்குள் ஒரு பந்து மெதுவாக உருண்டு வந்தது. பக்கத்தில் ஷ்ரவண். அவன் அதைத் தொடவில்லை. ஏஞ்சலோவும் கோல்கோட்டை விட்டு நகரவில்லை. இருவருக்கும் நடுவே எதிரணிப் பையன் ஒருவன் ஓடிவந்து உள்ளே தட்டிவிட்டுப் போனான். யாரோ மொபைலில் எடுத்த வீடியோ சயானிலிருந்து செம்பூர் வரை சுற்றியது. அதில் ஏஞ்சலோ இடுப்பில் கைவைத்து நிற்பது தெரியும். அவன் கத்தியது கேட்காது. வேடிக்கை பார்த்தவர்கள் அடித்த டோலக் சத்தம்தான் கேட்கும்.

அந்த ஆட்டத்துக்கு முந்தின வாரம் ஏஞ்சலோ மாஹிமில் சான்பாடா கோச்சோடு டீ குடித்ததைப் பார்த்தவர்கள் உண்டு. தலைவருக்கு அது போதுமானதாக இருந்தது. எங்கள் கோல்கீப்பரை எதிரணி விலைக்கு வாங்கிவிட்டது என்று கிளப்பே புகார் கொடுத்தால், விசாரணை முடியும்வரை எங்களைக் கீழே இறக்க முடியாது என்று விதிப்புத்தகத்தைக் காட்டினார். விதி அப்படித்தான் இருந்தது. இன்னொரு விதியும் அதே பக்கத்தில் இருந்தது: விசாரணைக்கு உட்பட்ட ஆட்டக்காரர் வேறு எந்த அணித் தேர்விலும் கலந்துகொள்ள முடியாது. ஏஞ்சலோவுக்கு அடுத்த வாரம் ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டா ட்ரையல். அவனுக்கு வயது வரம்பின் கடைசி வருடம் அது. சான்பாடா கோச் அவனைக் கூப்பிட்டுச் சொன்ன விஷயமும் அந்த ட்ரையல்தான். இதை அவன் சொன்னபோது, வேறு என்ன சொல்லுவான் என்றார் தலைவர்.

இந்தக் கிளப்பைப் பற்றி ஓர் அடிப்படை விஷயத்தைச் சொன்னால்தான் அந்த அறையில் இருந்த காற்று புரியும். அறுபதுகளின் தொடக்கத்தில் தலைவரின் தகப்பனார், இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா, ஒரு ஃபுட்பால் டீம் வேண்டும் என்று ஆசைப்பட்டார். மாட்டுங்காவில் லெட்டர்ஹெட் அடிக்க ஆள் கிடைத்தது, வரவேற்புரை வாசிக்க ஆள் கிடைத்தது, ஓடுவதற்கு நாலு பேர்தான் தேறினார்கள். மீதி ஏழு பேர் தண்டவாளத்தைத் தாண்டி தாராவியிலிருந்து வந்தார்கள். தோல் கிடங்குகளில் வேலை பார்த்தவர்கள். ஊரில் மிஷன் பள்ளி மைதானத்தில் பழகிய கால்கள். அவர்களுக்கு ‘ஆடும் உறுப்பினர்’ என்று ஒரு பெயர் வைத்தார்கள். ஆடலாம், ஓட்டுப் போட முடியாது. வெள்ளிவிழா மலரில் ஒரு படம் இருக்கிறது. கோப்பையை வாங்கிக்கொடுத்தவர்கள் பின்னால் நிற்கிறார்கள்; கோப்பை முன்வரிசை மடியில் இருக்கிறது.

தனசீலனும் இந்தக் கிளப்பின் கோல்கீப்பராக இருந்தவர். தொண்ணூறுகளில் ஒரு ஆட்டத்தில் நாலு கோல் விட்டார். விசாரணை இல்லை, கடிதம் இல்லை. அடுத்த ஞாயிறு அவருடைய ஜெர்சியை வேறொருவன் போட்டிருந்தான். இன்றுவரை மாட்டுங்காவில் சிலர் அவரைப் பார்த்தால் நாலு விரலைக் காட்டுவார்கள். நான் செயலாளரானபோது தாராவிக்காரன் ஒருவன் நாற்காலிக்கு வந்துவிட்டான் என்று எல்லோரும் கைகொடுத்தார்கள், அவர் மட்டும் கொடுக்கவில்லை.

தலைவர் தொடங்கினார். ஷ்ரவணை எழுந்து நிற்கச் சொல்லி, அன்று என்ன கேட்டாய் என்றார்.

"அவர் ‘விடு’ன்னு கத்தினார், பெரியப்பா. நான் விட்டுட்டேன். மத்லப், கீப்பர் எடுத்துக்கறேன்னு சொல்றார்னுதானே அர்த்தம்?"

"ஆச்சு," என்றார் தலைவர். "விடுன்னு கத்திட்டு இவன் எடுக்கலை. எடுக்கப்போறதில்லைன்னு முன்னாடியே தெரிஞ்சவன்தான் அப்படிக் கத்துவான். சுயம்பு, எழுதிக்கோங்கோ."

ஏஞ்சலோ பெஞ்சிலிருந்து எழவில்லை. விடு என்றுதான் கத்தினேன், அடித்து வெளியே தள்ளு என்ற அர்த்தத்தில் கத்தினேன் என்றான். அவன் பார்த்தது தலைவரை அல்ல, ஷ்ரவணை.

"பந்து உன் கால்ல கெடக்கு. ஒருத்தன் ஓடி வாரான். ‘விடுலே’ன்னா என்னலே அர்த்தம்? வணக்கம் சொல்லி வழியனுப்பவா?"

தரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தலைவர் மேஜையைத் தட்டினார். தமிழ் தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், விடு என்றால் தொடாதே என்றுதான் பொருள், கத்திவிட்டு இப்போது அகராதியை மாற்றக்கூடாது என்றார். தனசீலன் கதவருகிலிருந்து, உங்கள் வீட்டு அகராதியைக் கொண்டுவந்து என் மகனை அளக்க வேண்டாம் என்றார். தலைவர் அவர் பக்கம் திரும்பாமலே, பரம்பரை வியாதிக்கு மருந்து இல்லை என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யார் என்ன பேசினார்கள் என்று பிரித்து எழுத முடியாது. ஏஞ்சலோ எழுந்துவிட்டான், இருவர் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஒரு லோக்கல் ரயில் ஜன்னலை அதிரவைத்துப் போகும்வரை அந்தக் கூச்சல் நீடித்தது.

அடங்கியதும் தலைவர் புகாரை ஓட்டுக்கு விட்டார். அவர் கணக்கு எனக்குத் தெரிந்தது. இசக்கிதுரை எதிர்ப்பார், நானும் எதிர்க்கக்கூடும். பத்மஜா அவர் பக்கம். சமமானால் தலைவர் ஓட்டு இரண்டாகும்.

பத்மஜா கை தூக்கவில்லை. பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவர்; எதற்கும் இரண்டு முறை சரிபார்க்கிறவர். ஏஞ்சலோவை அவருக்குப் பிடிக்காது. போன வருடம் ஷூவுக்கு ரசீது கேட்டதற்கு அவன் பேசிய பேச்சை அவர் மறக்கவில்லை. அதை அந்த நேரத்திலும் ஒரு தடவை சொல்லிக்காட்டினார். பிறகு ஷ்ரவணிடம் கேட்டார்:

"அன்னிக்கு நம்ம கோலைப் போட்டது நீதானே? பெனால்டி கிக்?"

"ஆமா, மாமி."

"நீ அடிக்கப் போறச்சே எல்லாரும் ஏதோ கத்தினாளே. நானும் இருந்தேன். என்ன கத்தினா?"

ஷ்ரவண் யோசித்தான். அவன் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. பெரியப்பாவைப் பார்த்தான்.

"அங்க என்னடா பார்வை? என்னைப் பாத்துச் சொல்லு."

"‘ஓங்கி விடு’ன்னு."

"யார் கத்தினா?"

"எல்லாரும்." கொஞ்சம் நிறுத்தி, "பெரியப்பாவும்," என்றான்.

"நீ பந்தை அப்படியே விட்டுட்டு வந்துட்டியோ?"

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. இசக்கிதுரை மட்டும் நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். ‘ஓங்கி’ என்ற சொல் முன்னால் இருந்தது, அதனால் அது வேறு என்று தலைவர் வாதாடினார். ஷ்ரவணுக்கு வீட்டில் ஒரு தமிழ், மைதானத்தில் ஒரு தமிழ், நண்பர்களோடு ஹிந்தி. இருபது வயதுப் பையன் ஓட்டத்தில் எதைப் பிடித்துக்கொள்வான், அதற்காக என் வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது என்று எழுதப்போகிறீர்களா என்றார். பத்மஜா, அதையும் எழுத வேண்டாம், பொய்யையும் எழுத வேண்டாம், என் கையெழுத்து பொய்க்குக் கீழே வராது என்றார். புகார் வேண்டாம் என்று ஓட்டு மூன்றுக்கு ஒன்று.

பிரச்சினை அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தோல்வியை ஏற்கிறோம் என்று எழுதுவதானால் காரணத்தோடு எழுது, ஷ்ரவண் பெயரைப் போட்டு எழுது என்று தனசீலன் என்னிடம் வந்து நின்றார். உங்கள் மகன் தப்பித்தானே, அது போதாதா என்று கேட்டேன்.

"எம் பேரை முப்பது வருஷமா நாலு வெரல்ல சொல்லுதானுவ. அவன் பேரு ஒரு தடவை காயிதத்துல வந்தா என்ன, தேஞ்சா போயிருவான்?"

"பேரு போட மாட்டேன், அண்ணாச்சி. ரெண்டு பேர்ல யார் பேரும் வராது."

"சேர்ல உக்காந்தவன்தானலே நீயும்," என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். மகனுக்காகக் காத்திருக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் பேனாவை எடுத்தேன். லீக் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். நாங்குநேரிப் பள்ளிக்கூடத்தில் கற்ற ஆங்கிலம் எனக்கு இதுவரை குறை வைத்ததில்லை. இடம், தேதி, பொருள், பார்வை, பிறகு செய்தி என்று வரிசையாகப் போடுவேன். நடந்ததை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம் என்று முயன்றேன். ‘விடு’ என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லைப் போட்டால் ஏஞ்சலோ விலைபோனவன் ஆனான். இன்னொரு சொல்லைப் போட்டால் ஷ்ரவண் வேண்டுமென்றே தோற்கடித்தவன் ஆனான். இரண்டு பொருளையும் தாங்குகிற சொல் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் லீக்காரர்கள் அதை நம்பியிருக்க மாட்டார்கள். அந்த வாக்கியத்தை முழுவதும் அடித்துவிட்டேன். ஆட்ட முடிவை ஏற்கிறோம், எங்களுக்குப் புகார் எதுவும் இல்லை, அடுத்த பருவத்தில் கீழ் டிவிஷனில் ஆடுவோம் என்று நின்றுகொண்டது கடிதம்.

தலைவர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, அடுத்த லெட்டர்ஹெட்டில் தன் பெயரும் தன் அப்பா பெயரும் இருக்கக்கூடாது என்றார். கிளப்பின் பெயரில் இருக்கும் மைதானப் பெர்மிட்டும் தான் வாங்கிக்கொடுத்தது, அதை இனிமேல் யார் புதுப்பிக்கிறார்கள் என்று பார்க்கலாம் என்றார். ஷ்ரவணைக் கூப்பிட்டுக்கொண்டு போனார். ஷ்ரவண் வாசலில் நின்று ஏஞ்சலோவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"போலே," என்றான் ஏஞ்சலோ. "நீ ஒண்ணும் சொல்லாண்டாம். எனக்கு வேற மாதிரி வெளங்கிரும்."

பிறகு அவன் என் மேஜைக்கு வந்து விடுவிப்புச் சான்றிதழ் கேட்டான். ரயில்வேயில் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்த ஜெர்சியை இனிப் போடுவதாக இல்லை என்றான். இசக்கிதுரை அவனைக் கெஞ்சவில்லை; பதினாறு வயதில் உனக்குக் கையுறை மாட்டிவிட்டது யார் என்று மட்டும் கேட்டார். ஆட்சேபம் இல்லை என்ற அந்த இரண்டாவது கடிதத்தையும் எழுதினேன், பத்மஜா கையெழுத்துப் போட்டார். நகலை அவன் கையில் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லாமல் போனான்.

மறுநாள் காலை மாட்டுங்கா போஸ்டாபீஸில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண் ஊருக்குப் புடவை பார்சல் அனுப்பிக்கொண்டிருந்தாள். இரண்டு கடிதங்களையும் ஒரே உறையில் போட்டு, பசை தடவி, மடிப்பின்மேல் கிளப்பின் முத்திரையைக் குத்தினேன். கவுண்டரில் இருந்தவர் ஹிந்தியில் உள்ளே என்ன என்று கேட்டார். காகிதம்தான் என்றேன். எடை போட்டு, ஸ்டிக்கரை ஒட்டி, பின்னால் இருந்த சாக்குக்குள் போட்டார்.